கெட்டிமேளம் டவுன்லோட் ஆகாது

மணப்பெண் மண்டப வாசலுக்கு வந்துவிட்டாள். அரக்கு நிறப் பட்டு, தலை கொள்ளாத மல்லிகை, முன்னால் விளக்கேந்தி இரண்டு சிறுமிகள். மேடையின் இடது ஓரத்தில், லேப்டாப்புக்குப் பின்னால், வேர்த்து வழிய நான். பெண் என் அக்கா மகள். தாய்மாமன் சீரோடு பாட்டுப் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்திருந்தது.

‘பாசமலர்’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டை ஓடவிட்டேன். 1961ல் வந்த பாட்டு. இன்றைக்கும் அது ஒலித்தால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் தலை நிமிர்த்திப் பார்ப்பார்கள், பார்த்தார்கள். பெண் பாதி தூரம் வந்திருப்பாள். பாட்டு சற்றே தணிந்து இடையிசைக்குள் நுழையும் இடத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு பெண் குரல் நிறுத்தி நிதானமாக ஒரு இணையதளத்தின் முகவரியைச் சொன்னது. ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’வில் தொடங்கி ‘டாட் காம்’ வரை, ஒரு எழுத்து விடாமல்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாத்தா பக்கத்தில் இருந்த பேரனைக் கேட்டார்: “யாருலே அது மைக்குல பேசுதது? பொண்ணு வீட்டுப் பிள்ளையா?”

“இல்ல தாத்தா, பாட்டைத் திருட்டுத்தனமா எடுத்த இடத்தோட பேரு” என்றான் அந்தப் பேரன். அவனுக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது.

இலவசப் பாட்டுத் தளங்களில் இது வழக்கம். யாருடைய பாட்டையோ எடுத்து, நடுவில் தங்கள் குரலைச் செருகி, தங்கள் சொத்தாக உலவவிடுவார்கள். வீட்டில் கேட்டபோது எனக்கு அது தெரியவில்லை. ஏனென்றால் முதல் இருபது வினாடி மட்டும் கேட்டுவிட்டு ‘சரி, ஓடுகிறது’ என்று அடுத்த பாட்டுக்குப் போயிருந்தேன். இருநூறு பாட்டையும் அப்படித்தான் சோதித்தேன்.

இப்போது எல்லாக் குடும்பத்திலும் என்னைப் போல் ஒருவர் இருக்கிறார். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர். பத்திரிகை அச்சடித்ததும் அவரிடம் வந்து, “பாட்டெல்லாம் நீ பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சமையலுக்குத் தவசிப்பிள்ளையிடம் நான்கு தடவை உட்கார்ந்து பேசுகிற குடும்பம், பாட்டுக்கு நான்கு நிமிஷம் பேசாது.

பெட்டியோடு வந்த அண்ணன்

அந்தக் காலத்தில் இந்த வேலை மைக் செட்டுக்காரருடையது. எங்கள் பக்கத்தில் ரேடியோ செட் என்பார்கள். முந்தின நாள் மத்தியானமே மாட்டு வண்டியிலோ சைக்கிளிலோ சாமான் வந்து இறங்கும். கம்பத்தில் குழாய் ஏறியதும் தெருவுக்கே தெரிந்துவிடும், நாளைக்கு இந்த வீட்டில் கல்யாணம். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு சீர்காழி, டி.எம்.எஸ். என்று போகும். பெண் வந்ததும் ‘சாரதா’ படத்தின் மருமகள் வரவேற்புப் பாட்டு. 1962ல் பஞ்சு அருணாசலம் எழுதி, கே.வி. மகாதேவன் இசையமைத்தது. எதற்குப் பின் எது என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் கல்யாணம் பார்த்தவர். சாப்பாட்டுப் பந்தியில் சோகப் பாட்டுப் போட்டால் பாயசம் இறங்காது என்பது அவருக்குத் தெரியும்.

அப்புறம் கேசட். பரீட்சை அட்டை வைத்து, பேப்பரில் பாட்டும் படமும் எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போய் வாங்குவோம். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம்தான், ஆறேழு பாட்டு. கடைசிப் பாட்டு எப்போதும் சரணத்தின் நடுவில் அறுந்து போகும். எங்கள் தெருவில் வளர்ந்த பல பேருக்குச் சில பாட்டுகளின் முடிவு கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரியவந்தது.

கம்ப்யூட்டர் இதை மாற்றியதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. சி.டி.யில் ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. இடம் வேண்டும். காதுக்கு எப்படியும் எட்டாத விவரங்களைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்று ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் யோசித்தார்கள். அதன் விளைவுதான் எம்.பி.3. 1995 ஜூலையில் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. 128 கேபிபிஎஸ் அளவில் அதே ஒரு நிமிஷத்துக்கு 1 எம்.பி. போதும். பத்தில் ஒரு பங்கு. டெலிபோன் வயரில் பாட்டு நடக்கத் தொடங்கியது இதனால்தான்.

நடக்கத்தான் செய்தது, ஓடவில்லை. 56 கே மோடத்தில் 5 எம்.பி. பாட்டு ஒன்று முழுசாக இறங்கக் குறைந்தது 12 நிமிஷம். அதற்குள் யாராவது போனை எடுத்தால் போச்சு. பிறகு பிராட்பேண்ட் வந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் சேராது என்று ஒரு சலுகைத் திட்டமும் இருந்தது. 2006ல் நண்பனின் தங்கை கல்யாணத்துக்காக அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தோம். 256 கேபிபிஎஸ் வேகத்தில் ஆறு மணி நேரத்துக்கு நூற்று முப்பது பாட்டு இறங்க வேண்டும் என்று பேப்பரில் கணக்குப் போட்டான் அவன். விடிந்து பார்த்தால் இருபத்தேழு. அதில் நான்கு இந்தி. ஒன்றில் பாட்டே இல்லை, யாரோ இருமிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு அதே பாட்டு கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. அதனால்தான் இப்போது யாரும் யோசிப்பதில்லை.

தேடினால் கிடைப்பது

‘தமிழ் திருமணப் பாடல்கள்’ என்று தட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுகிற தொகுப்புகள் வரிசையாக வரும். பாதிக்கு மேல் காதல் பாட்டு. மீதியில் ‘கல்யாணம்’ என்ற சொல் எங்கேயாவது இருந்தால் போதும், சேர்த்துவிடுவார்கள். இதில் அதிகம் மாட்டுவது ‘புதுப்புது அர்த்தங்கள்’ படத்தில் எஸ்.பி.பி. பாடிய அந்தப் புகழ்பெற்ற பாட்டு. 1989ல் வந்த கே. பாலசந்தர் படம், இளையராஜா இசை. தொடக்கச் சொல்லைக் கேட்டு, ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும்போது போட்டுவிடுகிறார்கள். மனைவியின் சந்தேகத்தில் நொந்து போன ஒரு பாடகன், சிரித்துக்கொண்டே மேடையில் தன் துயரத்தைச் சொல்கிற பாட்டு அது. பாட்டின் மேல் எனக்கு அளவு கடந்த பிரியம் உண்டு. மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களுக்கு எதற்கு அது?

இந்த விஷயத்தில் நாம் தனி ஆள் இல்லை. சர்ச் கல்யாணங்களில் மணப்பெண் நடந்து வரும்போது ஆர்கனில் வாசிக்கிற மெட்டு, வாக்னரின் ‘லோஹன்கிரின்’ என்ற இசை நாடகத்திலிருந்து வருவது. 1850ல் முதலில் மேடையேறியது. அந்த நாடகத்தில் அந்த ஜோடி கல்யாணத்தன்று இரவே பிரிந்துவிடும். 1858ல் விக்டோரியா ராணியின் மூத்த மகள் கல்யாணத்தில் அதை வாசித்தார்கள். பாளையங்கோட்டை வரை அந்த மெட்டு வந்து சேர்ந்துவிட்டது, கதை வரவில்லை.

ஆகவே கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரிய மனுஷியிடம் உட்காருவது. நான் இதைத் தாமதமாகத்தான் செய்தேன். என் அக்காதான் கல்யாணத்தை நிமிஷம் நிமிஷமாகச் சொன்னாள். மாப்பிள்ளை அழைப்புக் கார் வந்து நின்று உள்ளே வர இருபது நிமிஷம். ஊஞ்சல், பாலும் பழமும், அரை மணி. ஆனால் அங்கே பெண்களே பாடுவார்கள், “அங்கன உன் பாட்டு வேண்டாம்டே”. ரிசப்ஷன் வரிசை இரண்டரை மணி நேரம். ஒரு பாட்டு நாலரை நிமிஷம் என்றால் முப்பத்து மூன்று பாட்டு போதும். நான் இறக்கி வைத்திருந்ததோ இருநூறு.

பெண் வாசலிலிருந்து மேடைக்கு வருவதற்கு எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மண்டபத்துக்குப் போய் நடந்து பார்த்தேன். நாற்பத்தாறு அடி வைத்தேன். பட்டுப்புடவையில், குனிந்த தலையோடு, இருபுறமும் போட்டோக்காரர்கள் நிறுத்தி நிறுத்தி எடுக்க, கூட்டிக் கழித்தால் ஒன்றே முக்கால் நிமிஷம். சில பாட்டுகளில் குரல் வருவதற்கே கணிசமான நேரம் ஆகும். முன்னிசை முடிவதற்குள் பெண் பாதி வழி வந்துவிடுவாள். இதற்குத்தான் ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வேண்டாத இடத்தை வெட்டி, வெட்டிய ஓரத்தை மெல்ல எழும்புகிற மாதிரி மழுக்கிவிட்டால், யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷ வேலை. முகவரி சொன்ன அந்தக் குரலையும் இதிலேயே வெட்டியிருக்கலாம், முழுசாகக் கேட்டிருந்தால்.

சட்டம் சொல்வது

கல்யாணத்தில் சினிமாப் பாட்டுப் போட உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று மண்டபத்தில் யாராவது சொன்னால் பதறாதீர்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு, மதச் சடங்குகளின்போது பாட்டு ஒலிபரப்புவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் அதிலேயே இருக்கிறது. இதற்காகப் பணம் கேட்கிறார்கள் என்று புகார்கள் வந்ததால், 2023 ஜூலை 24 அன்று மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதைத் திரும்பவும் அறிவிப்பாக வெளியிட்டது.

இந்தத் தாராளம் பாட்டைப் போடுவதற்கு. பாட்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது தனிக் கேள்வி. அதற்கு இந்தச் சட்டத்தில் சீர்வரிசை கிடையாது.

நேர்வழிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். முதலில் உங்கள் வீட்டு அலமாரி. பெரியப்பா வாங்கி அடுக்கிய சி.டி.கள் தூசி படிந்து கிடக்கும். அதிலிருந்து எடுக்கும் ஒலிக்கு இணையத்தில் இறக்கிய எந்த இலவசப் பாட்டும் பக்கத்தில் வராது. லேப்டாப்பில் சி.டி. டிரைவ் இல்லையென்றால் யூ.எஸ்.பி.யில் செருகுவது கடையில் கிடைக்கிறது. அடுத்தது, காசு கொடுத்து வாங்குவது. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அங்கே வாங்குகிற பாட்டுக்குப் பூட்டு இல்லை, பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் மாதச் சந்தா கட்டி ‘டவுன்லோட்’ செய்வது வேறு மாதிரி. பாட்டு அந்தச் செயலிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். வெளியே எடுத்து மைக் செட்டுக்காரரிடம் கொடுக்க முடியாது. முப்பது நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தில் காட்டாவிட்டால் அதுவும் போய்விடும்.

பழைய பதிவுகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமைக்காலம் வெளிவந்த வருஷத்துக்குப் பிறகு 60 ஆண்டு. ‘பாசமலர்’ பதிவின் காலம் 2021 டிசம்பரோடு தீர்ந்தது. ஆனால் பாட்டெழுதியவரின் உரிமை தனி. அது அவர் காலமான வருஷத்திலிருந்து 60 ஆண்டு. அந்தப் பாட்டை எழுதிய கண்ணதாசன் மறைந்தது 1981ல். ஆகவே அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை சொந்தக்காரர் உண்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956ல் மறைந்தார். அவர் காலத்திலேயே இசைத்தட்டாக வந்த தோடியை இணைய ஆவணக் களஞ்சியங்களில் தேடி எடுப்பதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் கொள்ளும். மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் தட்டுக்காகச் சுருக்கி வாசித்தார். ஆனாலும் தோடி தோடிதான்.

மற்ற தளங்கள் பற்றி ஒன்று மட்டும். ஒரே பக்கத்தில் மூன்று பச்சைப் பொத்தான் ‘டவுன்லோட்’ என்று மின்னினால், மூன்றுமே விளம்பரமாக இருக்கலாம். இறங்கிய கோப்பின் பெயர் ‘.எம்.பி.3’ என்று முடிவது போலத் தெரிந்தாலும், விண்டோஸ் கடைசிப் பின்னொட்டை மறைத்து வைக்கும் பழக்கம் கொண்டது. அதற்கும் பின்னால் ‘.இஎக்ஸ்இ’ ஒளிந்திருந்தால் அது பாட்டில்லை, வீட்டுக்குள் விடக் கூடாத ஆள். பின்னொட்டைக் காட்டும்படி அமைப்பை மாற்றிவிட்டுத் தேடத் தொடங்குங்கள். எந்தப் பாட்டும் ‘இன்ஸ்டால் செய்யவா’ என்று கேட்காது.

பென்டிரைவும் சந்தனப் பேலாவும்

மைக் செட்டுக்காரத் தம்பிக்கு முப்பது வயதிருக்கும். நான் கொடுத்த பென்டிரைவை மிக்சரில் செருகினார். எடுக்கவில்லை. “ண்ணே, இது எத்தனை ஜி.பி.?” 64 என்றேன். “அதான். இதுக்கு 32க்குள்ள, ஃபேட்-32 ஃபார்மேட்ல வேணும்” என்றார். பெரிய பென்டிரைவ்கள் பெரும்பாலும் வேறு ஃபார்மேட்டில்தான் கடையிலிருந்து வருகின்றன. பழைய மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் அது புரிவதில்லை. வேறொன்றில் ஏற்றிக் கொடுத்தால், திரையில் பாட்டுப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆசை ஆசையாகத் தமிழில் பெயர் வைத்திருந்தேன். ஆங்கில எழுத்தில், முன்னால் 01, 02 என்று எண் போட்டு மாற்றினோம். கடைசியில் பெண் வருகைக்கு மட்டும் லேப்டாப், மற்றதெல்லாம் பென்டிரைவ் என்று முடிவானது.

அடுத்த பாடம் காலை டிபன் நேரத்தில். 1960களின் பாட்டு ஒன்று சன்னமாக ஒலித்தது. தம்பி சத்தத்தைக் கூட்டினார். அது முடிந்து, போன வருஷத்துப் படப் பாட்டு ஒன்று அதே அளவில் வெடித்தது. வாசலில் வரவேற்புக்கு நின்ற சித்தி கையிலிருந்த சந்தனப் பேலாவைத் தவறவிட்டார். பழைய பதிவுகளைவிட இன்றைய பதிவுகளில் ஒலியளவை ஓங்கி வைக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிற வசதி ஆடாசிட்டியிலேயே இருக்கிறது. முந்தின ராத்திரி அரை மணி செலவழித்திருந்தால் சித்தியின் புடவை தப்பியிருக்கும்.

இணையத்திலிருந்து நேராக ஓடவிடலாம் என்பவர்களுக்கு: அதே மண்டபத்தில் அடுத்த வாரம் நடந்த கல்யாணத்தில், மாலை மாற்றும்போது மூட்டுவலித் தைல விளம்பரம் வந்ததாகத் தம்பி சொன்னார். “ஐந்து செகண்ட்ல தள்ளிட்டேன்ணே. ஆனா வீடியோல பதிஞ்சிருச்சு.”

இறங்காத ஒன்று

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. செலவுப் பட்டியல் போடும்போது மச்சான் சொன்னார்: “மேளத்துக்கு எதுக்கு இவ்வளவு? நாதஸ்வரம் எல்லாம் நெட்லயே இருக்கே. மாப்பிள்ள, நீ டவுன்லோட் பண்ணிப் போட்டுரு.”

இருக்கத்தான் இருக்கிறது. ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்ட காருகுறிச்சி அருணாசலம் இருக்கிறார். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கையில் பிடித்திருந்த நாதஸ்வரத்துக்கு உண்மையில் மூச்சுக் கொடுத்த மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் இருக்கிறார்கள். நாமகிரிப்பேட்டை இருக்கிறார். விருந்தாளிகள் வந்து உட்காருகிற நேரத்துக்கு இவர்களைப் போட்டால் மண்டபத்துக்கே ஒரு களை.

கெட்டிமேளம் என்ற பெயரிலும் கோப்பு கிடைக்கிறது. ஒன்று இறக்கி வைத்திருந்தேன், ஒரு நிமிஷம் பத்து வினாடி. நல்லவேளை, மேளமும் சொல்லியிருந்ததால் அது தேவைப்படவில்லை. அன்றைக்கு மேடையோரம் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். தவில்காரர் ஆனந்தபைரவிக்குத் தட்டிக்கொண்டிருந்தவர், கண்ணை மட்டும் ஐயர் கையிலிருந்து எடுக்கவில்லை. ஐயர் விரலை உயர்த்திச் சுழற்றினார். வாய் திறப்பதற்குள் இரண்டு தவிலும் விழுந்தன. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டான். அடுத்ததைப் போடும்போது கூந்தலில் மல்லிகைச் சரம் சிக்கிக்கொண்டது. நாத்தனார் குனிந்து சரத்தை விலக்க, மாப்பிள்ளையின் கை நடுங்க, நேரம் போய்க்கொண்டே இருந்தது. தவில்காரர் எழுந்து நின்றுவிட்டார். எட்டிப் பார்த்துக்கொண்டே வாசித்தார். கடைசி முடிச்சு இறுகி, நாத்தனார் கையை எடுத்த பிறகுதான் நிறுத்தினார். கெட்ட சொல், தும்மல் எதுவும் காதில் விழாமல் இருக்கத்தான் கெட்டிமேளம் என்பார்கள். பாதி முடிச்சில் நின்றுபோனால் அதற்குப் பேர் மேளமா?

என் கோப்பு இருபது வினாடி முன்னதாகவே முடிந்திருக்கும். தொடக்கத்தில் இருந்த இரண்டு வினாடி மௌனம் வேறு.

வைணவ வீடுகளில் ஆண்டாளின் வாரணமாயிரத்தை அத்தைகளும் சித்திகளும் சேர்ந்து சொல்கிற இடத்திலும் இதே கதைதான். சுருதி சேராது, ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள். அதற்குப் பதிலாகச் சுத்தமான ஒரு பதிவை ஓடவிட்டுப் பாருங்கள். அந்தப் பெண்கள் அப்படியே வாயை மூடிக்கொண்டு செல்போன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆவணியில் என் தம்பி மகன் கல்யாணம். பாட்டுப் பொறுப்பு மறுபடியும் எனக்குத்தான். முப்பத்தெட்டுப் பாட்டு, எல்லாம் முதலிலிருந்து கடைசி வரை கேட்டாயிற்று. இரண்டு பென்டிரைவ், இரண்டும் 16 ஜி.பி. மேளக்காரருக்குப் போன வெள்ளிக்கிழமையே வெற்றிலை பாக்கு வைத்து ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.